திருகோணமலை அலுவலகங்களில் பகலில் எரியும் விளக்குகள்

எங்கள் நகரின் பல அலுவலகங்களில், வெளியே கண் கூசும் வெயில் அடிக்க, உள்ளே யன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டுக் குழல் விளக்குகள் அத்தனையையும் எரிய விட்டிருப்பார்கள். எல்.ஈ.டி.க்கு மாறுவதென்றால் விளக்கை மட்டும் மாற்றினால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

விளக்கை மாற்றுவதன் இலாபத்தில் ஐயமில்லை. பழைய நான்கடிக் குழலில் 36 வாற்று என்று எழுதியிருந்தாலும், அதனோடு சேர்ந்த, குழலுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் இரும்புச் சோக் ஏறத்தாழ 9 வாற்றை வெப்பமாக்கி வீணடிப்பதால், மொத்தச் செலவு 45 வாற்று ஆகிறது. அந்த இடத்துக்கு 18 வாற்று எல்.ஈ.டி. குழல் பெரும்பாலும் போதும். இத்தகைய 100 விளக்குகள் நாளுக்கு 8 மணித்தியாலம் வீதம் ஆண்டில் 250 நாட்கள் எரிந்தால், 5,400 அலகு மின்சாரம் மிச்சமாகும். குளிரூட்டிய அறையாயின் விளக்கின் வெப்பமும் குறைவதால் குளிரூட்டியின் வேலையும் சற்றுக் குறையும்.

ஆனால் பழைய கட்டடங்கள் பலவற்றில் யன்னலோர வரிசையும் உள்வரிசையும் ஒரே ஆளியில் இணைக்கப்பட்டிருப்பதால், உள்ளே இருப்பவருக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் யன்னலருகே இருப்பவருக்கும் விளக்கு எரிந்தே ஆகவேண்டும். வயரிங்கில் கை வைக்கும்போதே யன்னலோர வரிசைக்குத் தனி ஆளி போட்டுவிட்டால், மாரி மழைமூட்டம் கவியும் கார்த்திகை, மார்கழி தவிர்ந்த பெரும்பாலான நாட்களில் அவ்வரிசையை அணைத்தே வைக்கலாம். திரைகளை மூடுவதற்குக் காரணம் கணினித் திரையில் விழும் நேர்வெயில் என்பதால், யன்னலுக்கு வெளியே நிழற்தட்டு அமைத்து, மேசைகளைப் பக்கவாட்டாகத் திருப்பிப் போடுவதும் இந்த வேலையின் ஒரு பகுதியே. எழுத்து வேலைக்கு மேசைமட்டத்தில் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வேண்டும். நடைபாதைக்கு 100 போதும். எல்லா இடத்துக்கும் ஒரே குழலை வாங்கி மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

கடற்காற்றில் துருப்பிடித்த தகரச் சட்டங்களில் புதிய குழலை மாட்டுவதும் வீண் செலவு. சட்டத்தோடு மாற்றுவதே நல்லது. சட்டத்தை வைத்துக்கொண்டு, சோக்கை விலக்கி நேரடியாக மின் கொடுக்கும் வகையைப் போடுவதாயின், வேலையைத் தகுதியுள்ள மின்னியலாளர் செய்து, பழைய குழலை மாட்டக்கூடாது என்ற எச்சரிக்கையைச் சட்டத்திலேயே ஒட்டிவைக்க வேண்டும். மின்னிணைப்பு ஒரே முனையில் உள்ள சட்டத்தில் யாரேனும் பழைய குழலை மாட்டினால் குறுஞ்சுற்று ஏற்படும்.

கழற்றிய குழல்களில் பாதரசம் இருக்கிறது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையில் இணைந்த நாடுகள் 2027 முடிவுக்குள் இவ்வகை விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த 2023 இல் தீர்மானித்ததற்கும் அதுவே காரணம். ஆகவே அவற்றை உடைத்துக் குப்பையில் போடாமல், புதிய குழல்கள் வந்த பெட்டிகளிலேயே அடுக்கி, மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.