ஆங்கிலப் பிரதிகளில் கீவ்

ஆங்கிலக் கட்டுரைகளையும் அறிக்கைகளையும் அச்சுக்குப் போகும் முன் செப்பனிடுவது என் தொழில். உக்ரைன் தலைநகரின் பெயரைக் கே, ஐ, ஈ, வி என்ற பழைய எழுத்துக்கூட்டலில் யாராவது எழுதியிருந்தால், அதைக் கே, ஒய், ஐ, வி என்று மாற்றுவதோடு, ஓரத்தில் காரணத்தையும் எழுதிவைப்பேன். காரணம் சொல்லாத திருத்தத்தை எழுதியவர் மதிப்பதில்லை. அடுத்த பிரதியிலும் பழைய வடிவமே வந்து நிற்கும்.

இரண்டும் ஒரே ஊரைத்தானே குறிக்கின்றன, எதற்கு இந்தப் பிடிவாதம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இரண்டு வடிவங்களுமே ஒழுங்கான எழுத்துப்பெயர்ப்புகள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்நகரின் பெயர் ருஷ்ய மொழியிலும் நான்கு எழுத்து, உக்ரைனிய மொழியிலும் நான்கு எழுத்து. ருஷ்ய எழுத்துகளை ஒன்றுக்கு ஒன்றாக ஆங்கிலத்தில் இட்டால் பழைய வடிவம் கிடைக்கிறது. உக்ரைனிய எழுத்துகளை அந்நாட்டின் முறைப்படி இட்டால் புதிய வடிவம் கிடைக்கிறது. அந்த முறையில் இரண்டாம் எழுத்துக்கு ஒய் வருகிறது. மூன்றாம் எழுத்து சொல்லின் முதலில் வந்தால் ஒய், ஐ என இரண்டாகவும், மற்ற இடங்களில் ஐ மட்டுமாகவும் எழுதப்படுகிறது. ஆகவே, எந்த மொழியின் வழியாக அந்த ஊரின் பெயரை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருகிறோம் என்பதே இங்குள்ள கேள்வி. 1991இல் விடுதலை பெற்று, 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் உக்ரைனியத்தையே அரச மொழியாக அறிவித்த ஒரு நாட்டின் தலைநகரை, அதைத் தன் ஆட்சியில் வைத்திருந்த பேரரசின் மொழி வழியாகவே தொடர்ந்து எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உக்ரைன் அரசு இந்த வடிவத்தை 1995லேயே முடிவு செய்துவிட்டது. ஆங்கில இதழ்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தவில்லை. 2018இல் உக்ரைன் வெளியுறவு அமைச்சகம் இதற்கெனவே ஒரு பரப்புரையைத் தொடங்கியது. 2019இல் அமெரிக்காவின் புவியியல் பெயர்களுக்கான வாரியமும், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனமும், பிபிசியும் அடுத்தடுத்து மாறின. அதன் பிறகு என் போன்றோரின் வாதம் எளிதாயிற்று.

கடினமான பகுதி வரலாற்றுக் கட்டுரைகளில் இருக்கிறது. 1941இல் நடந்த போரைப் பற்றி எழுதும்போது அக்காலத்து வடிவத்தைத்தானே வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கஜகஸ்தானின் தலைநகரோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அந்நகரம் 1998இல் அக்மோலா என்ற பெயரை விட்டு அஸ்தானா ஆயிற்று. 2019இல் நூர்-சுல்தான் ஆகி, 2022இல் மீண்டும் அஸ்தானா ஆயிற்று. அங்கே மாறியது பெயரே என்பதால், நிகழ்வு நடந்த ஆண்டைப் பார்த்துத்தான் பெயரை எழுத வேண்டும். கீவ் நகரமோ பெயரை மாற்றிக்கொள்ளவே இல்லை. அங்கு வாழும் உக்ரைனியர்கள் தம் மொழியில் சொல்லிவந்த பெயரை ஆங்கிலம் இப்போதுதான் நேரடியாக எழுதுகிறது. அதனால் 1941ஆம் ஆண்டுப் போரானாலும், பிரதியின் சொந்த வாக்கியங்களில் புதிய வடிவத்தையே இடுகிறேன். வேறு முடிவெடுக்கும் பதிப்பாசிரியர்களும் உண்டு. ஒரே நூலுக்குள் இரண்டையும் கலக்காதவரை அவர்களோடு நான் சண்டையிடுவதில்லை.

ஆனால் மேற்கோள்களையும், நூல் தலைப்புகளையும், அடிக்குறிப்பில் வரும் பதிப்பிட விவரங்களையும் தொடவே கூடாது. பிரதி முழுவதும் ஒரே சொடுக்கில் பெயரை மாற்றிவிடும் வசதி இங்கேதான் பெருந்தீங்கு செய்கிறது. தலைப்பில் ஓர் எழுத்து மாறிவிட்டால், அந்த நூலை நூலகப் பட்டியலில் தேடும் வாசகருக்கு அது கிடைக்காமலே போகலாம். எனவே ஒவ்வோர் இடமாக நின்று, இது எழுதியவரின் வாக்கியமா, வேறொருவருடையதா என்று பார்த்துத்தான் திருத்துகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தலைநகரின் பெயரைக் கவனமாக எழுதியவர்களும் அதே பக்கத்தில் ஒடேசாவுக்கு இரண்டு எஸ் போட்டுவிடுகிறார்கள். கார்கிவையும் லிவிவையும் ருஷ்ய வடிவிலேயே விட்டுவிடுகிறார்கள். தலைநகருக்குச் சொன்ன காரணம் இந்த ஊர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்பதால், இப்போது இவற்றையும் ஒரே சுற்றில் பார்த்து முடிக்கிறேன்.