அப்பாவுக்கு நாற்காலி போட்ட பள்ளி

நம் பள்ளியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வகுப்பறைகளுக்கும் மைதானத்துக்கும் முன்னால் என் அப்பாதான் நினைவுக்கு வருகிறார். பள்ளியில் கற்றது எது, வீட்டில் கற்றது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. வீட்டில் ஒருவர் தலைவராக இருக்க வேண்டுமானால் முதலில் அவரே கீழ்ப்படிந்து காட்ட வேண்டும் என்பதை இரண்டு இடத்திலும் கண்ணால் கண்டு வளர்ந்தேன். என் பிள்ளைகளின் நண்பர்கள் என்னைப் பழமைவாதி என்று சொல்வதுண்டு. அதை மறுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. திருமணம் ஆயுள் முழுமைக்குமான உடன்படிக்கை என்றும், பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைத் தகப்பன் வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது என்றும், ஜெபம் இல்லாத வீட்டில் எத்தனை வசதி இருந்தாலும் ஏதோ ஒன்று குறைகிறது என்றும் நான் உறுதியாக நம்புகிறேன். இந்த நம்பிக்கைகள் எனக்கு எங்கிருந்து வந்தன என்பதைத்தான் நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் இந்த மலரில் எழுத விரும்புகிறேன்.

என் அப்பா குமரி மாவட்டத்துக் குலசேகரத்துக்கு வடக்கே ஒருவருடைய ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்பே தோட்டத்துக்குள் இருப்பார்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, முந்திய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, பட்டையில் சாய்வாக ஒரு மெல்லிய சீவல் எடுத்து, சிரட்டையை நேராக வைத்து, அடுத்த மரத்துக்கு நடப்பார். விடுமுறை நாள்களில் ஒட்டுப்பால் உரிக்க நானும் கூடப் போவேன். அப்போது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "மக்களே, பட்டையத்தான் வெட்டணும். தடியில கத்தி தொடப்பிடாது." கத்தி தடியைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளர்ந்து, பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாமல் போய்விடும், தொடாமல் வெட்டினால் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளர்ந்து அதே இடத்தில் மறுபடியும் பால் எடுக்கலாம். எங்களைக் கண்டித்ததிலும் அவர் அந்தக் கணக்கைத்தான் வைத்திருந்தார். தவறு செய்தால் கண்டிப்பு நிச்சயம் உண்டு, அன்றைக்கே உண்டு. ஆனால் பிறர் முன்னிலையில் எங்களை இழிவாகப் பேசியதோ, பழைய குற்றத்தை மறுநாள் எடுத்துச் சொன்னதோ கிடையாது. கண்டிப்பே கூடாது என்று இன்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. கண்டிக்கத் தெரியாத தகப்பன் பிள்ளையை உலகத்தின் கண்டிப்புக்கு விட்டுவிடுகிறான், உலகத்துக்கோ அந்தப் பிள்ளையின்மேல் அன்பு கிடையாது.

பால் வெட்டுகிறவர்கள் சீக்கிரம் படுத்தாக வேண்டும். ஆகவே எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் விளக்கு வைத்தவுடன், இராச்சாப்பாட்டுக்கு முன்பே நடக்கும். அப்பா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். வேதப்புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, மெதுவாக வாசிப்பார். பெயர்ச்சொற்கள் வந்தால் நின்று, இரண்டு முறை முயன்று, பிறகு மேலே போவார். ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான் அவரைவிட விரைவாக வாசிக்கக் கூடியவன், ஆனாலும் வாசிக்கும் பொறுப்பை அவர் என்னிடம் தள்ளிவிடவில்லை. வாசித்து முடித்ததும் பாயில் முழங்கால் படியிட்டு அன்றைய நாளில் தன்னிடம் நேர்ந்த குறைகளைத் தேவனிடம் வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்பார். நாங்கள் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்போம். அதிகாரம் உள்ள மனிதர், தம்மைவிடப் பெரிய அதிகாரத்தின்முன் தலை குனிவதை நாள்தோறும் பார்த்த பிள்ளைகளுக்கு, அவருடைய சொல்லுக்குக் கீழ்ப்படிவது பாரமாக இருந்ததில்லை. அதன் பிறகுதான் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும்.

அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரித் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போனார்கள். முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கைகளில் தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் கறுத்து உரிந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை கட்டிக் கோவிலுக்குப் போகும்போது அம்மா கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொள்வார்கள். அப்பா சம்பளத்தை எண்ணிப் பார்க்காமல் அப்படியே அம்மாவிடம் கொடுப்பார். வீட்டுச் செலவு, சீட்டுப் பணம், கோவில் காணிக்கை எல்லாம் அம்மாவின் கணக்கு. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைத்து, அதைச் சபைக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் எங்கள் வீட்டில் அரிசி குறைவாக இருந்த மாதங்களிலும் நின்றதில்லை. அவர்களுக்குள் பேச்சு வார்த்தை முற்றிய நாள்கள் உண்டு. ஆனால் ஜெபத்துக்கு உட்காருமுன் அது முடிந்தாக வேண்டும் என்பது வீட்டு விதி, ஏனென்றால் மனைவியிடம் முகம் கொடுக்காமல் ஜெபம் பண்ண அப்பாவுக்கு வராது. கணவன் தலைவன் என்ற போதனையைப் பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். அந்தத் தலைமை எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குக் காட்டுவதற்கு இந்த வீடு இருக்கிறது.

இனி அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உதவித்தொகை விண்ணப்பத்தில் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று சொல்லியிருந்ததால், அப்பா தோட்டத்திலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார். பால் படிந்த கைலியும், எத்தனை முறை கழுவினாலும் போகாத ரப்பர் நாற்றமுமாக அவர் ஹெட்மாஸ்டர் அறை வாசலில் தயங்கி நிற்க, எனக்கு நெஞ்சு படபடத்தது. ஹெட்மாஸ்டர் எழுந்து வந்து, "ஐயா வாங்க, உள்ள வந்து இருங்க" என்று சொல்லி, தம் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அந்த விண்ணப்பத்தைப் பற்றி ஒரு நிமிடமும், தோட்டத்தில் பால் ஓட்டம், மழைக்காலத்து வேலை, வீட்டு நிலவரம் பற்றி வெகுநேரமும் ஹெட்மாஸ்டர் பேசினார். என்னைப் பார்த்து, "உன் அப்பா வெளுக்கறதுக்கு முன்னால எழும்புறாரு, நீ எத்தனை மணிக்கு எழும்புற?" என்று மட்டும் கேட்டார்.

பிள்ளைக்கு முன்னால் தகப்பனைப் பெருமைப்படுத்துவது கல்வியின் முதல் வேலைகளுள் ஒன்று என்பதை அந்த ஹெட்மாஸ்டர் அறிந்திருந்தார். நம் தென் திருவிதாங்கூரில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. இதே மண்ணில், 1859 ஜூலை 26-ஆம் நாள் மகாராஜாவின் பிரகடனம் வரும் வரை, நம் முன்னோர்களில் பலருடைய மனைவியரும் மகளிரும் மேலாடை அணிவதற்கே பல ஆண்டுகள் அடியும் உதையும் பட்டுப் போராட வேண்டியிருந்தது. 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் வந்து மயிலாடியில் தொடங்கிய ஊழியமும், நாகர்கோவிலில் மீட் ஐயரும் மால்ட் ஐயரும் தத்தம் மனைவியரோடு சேர்ந்து நடத்திய பள்ளிகளும் அச்சகமும், மால்ட் அம்மையார் நம் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ரேந்தைத் தையலும் எங்கள் சபைப் பெரியவர்கள் ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குச் சொன்ன வரலாறு. நான் வளர வளர அந்த வரலாற்றில் என்னைக் கவர்ந்தது, அந்த ஊழியத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே சுமந்தார்கள் என்பது.

நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளையின் வாழ்விலும் நான் அதையே காண்கிறேன். நாங்கள் சீர்திருத்த சபையார். புனிதர் பட்டம் பற்றிய எங்கள் போதனை வேறு. ஆயினும் 2022 மே 15-ஆம் நாள் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, என் கத்தோலிக்க வகுப்புத் தோழர்களைப் போலவே நானும் மகிழ்ந்தேன். அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். அரண்மனையில் வேலை பார்த்த குடும்பஸ்தர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற அவரைத் தொடர்ந்து அவர் மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்று பெயர் பெற்றார். 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இல்லறத்திலேயே ஒருவர் விசுவாசத்தின் உச்சிக்குப் போக முடியும் என்பதற்கு வேறு தேசத்துச் சான்று நமக்குத் தேவையில்லை.

விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது 1982-ஐ விட்டுவிட முடியாது. மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரம் மாவட்டம் முழுவதும் பயத்தைப் பரப்பிய நாள்களில், எங்கள் ஊரில் அப்பாவும் பக்கத்து வீட்டு இந்துப் பெரியவரும் இரவில் சந்திமுனையில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெரியவரை எங்கள் வீட்டில் எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அந்த நாள்களிலும் அந்த முறை மாறவில்லை. தன் மதத்தில் ஆழமாக ஊன்றியவர்களே பிறர் மதத்தை மதிக்கிறார்கள் என்பதை அந்த இருவரையும் பார்த்து நான் தெரிந்துகொண்டேன். பள்ளி திறந்ததும் ஹெட்மாஸ்டர் காலைக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், எல்லாரையும் பழைய இடத்திலேயே உட்கார வைத்தார்.

நம் சமூகத்தில் தகப்பன்மார் திருத்திக்கொள்ள வேண்டிய காரியம் ஒன்று உண்டென்றால் அது பெண்பிள்ளைகளின் பங்கும் கலியாணக் கொடுக்கல் வாங்கலும்தான். 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே மகளுக்குக் கொடுத்தது. ஸ்திரீதனம் கொடுத்தோ வாக்களித்தோ இருந்தால் அதுவும் இல்லை. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று தீர்ப்பளித்து மகனையும் மகளையும் சமமாக்கியது. சட்டம் மாறிவிட்டது, பவுன் பேச்சு மாறவில்லை. 1961-லேயே வரதட்சணை தடைசெய்யப்பட்ட நாட்டில், ஞாயிறு ஆராதனையில் திருமண அறிவிப்பான ஓலையை வாசிக்கும்போது, அந்தப் பெயர்களுக்குப் பின்னால் எத்தனை பவுன், எத்தனை சென்ட் தோட்டம் என்று இருக்கையில் அமர்ந்தபடி கணக்குப் போடுகிற விசுவாசிகள் இருக்கிறார்கள். திருமணம் பரிசுத்தமானது என்று நாம் உண்மையிலேயே நம்பினால் அதற்கு விலை வைக்கக் கூடாது. பழமையைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு இதைக் காப்பவர்களோடு எனக்குச் சேர்க்கை இல்லை. தம் பெயரிலிருந்த கொஞ்ச நிலத்தை என் அக்காவுக்கும் தங்கைக்கும் எனக்கும் சமமாக எழுதிவைத்த அப்பாவுக்கு எந்தத் தீர்ப்பும் தெரியாது. மூன்று பேருக்கும் ஒரே கிண்ணத்தால் சோறு அளந்த வீட்டில், நிலத்தை மட்டும் வேறு அளவில் அளக்க அவருக்கு மனம் வரவில்லை. நானும் என் மகளுக்கு அவ்வாறே செய்திருக்கிறேன். மகளைக் கட்டிய குடும்பத்தார் எதுவும் கேட்கவில்லை. கேட்பவர்கள் வந்தபோது காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தோம்.

நான் குடும்பம் நடத்தியது மஸ்கட்டில். மனைவி செவிலியர், இரவுப் பணி முடிந்து அவள் வரும்போது நான் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருப்பேன். அங்கே ஞாயிறு வேலைநாள் என்பதால் ஆராதனை வெள்ளிக்கிழமை, ரூவியில் சுல்தான் கொடுத்த நிலத்தில் எழுந்த ஆலய வளாகத்தில். நாளும் நேரமும் மாறினாலும் வீட்டு ஜெபத்தை விடவில்லை. அவளுக்கு இரவுப் பணி உள்ள வாரங்களில் அவள் புறப்படுமுன், மாலை ஐந்து மணிக்கே முடித்தோம். வாசிப்பை நானே செய்தேன்.

ஆனால் எங்களுக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. குறிப்பிட்ட சம்பளத்துக்குக் கீழே உள்ளவர்கள் வளைகுடாவுக்குக் குடும்பத்தை அழைத்துவர அனுமதி இல்லை. நம் மாவட்டத்தில் மாடி வீடு கட்டி, உச்சியில் பெயிண்டும் அடித்து, அந்த வீட்டில் மொத்தமாகச் சில மாதங்களே தூங்கிய தகப்பன்மாரை நாம் எல்லாரும் அறிவோம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாவு எழாது. அவர்கள் வெயிலில் நிற்பது பிள்ளைகளுக்காக. இருந்தாலும், விடுப்பில் வரும் அப்பாவிடம் மிட்டாய் கேட்கத் தெரிந்து, சந்தேகம் கேட்கத் தெரியாமல் வளரும் ஒரு தலைமுறை நம் பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறது. அலைபேசியில் முகம் தெரிகிறது. அந்த அப்பா அலுத்து வருவதையும், அம்மாவிடம் தணிந்து பேசுவதையும், முழங்கால் படியிடுவதையும் அந்தப் பிள்ளை பார்ப்பதில்லை.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கட்டட நிதிக்கு நாம் தாராளமாகவே கொடுக்கிறோம், அது தொடரட்டும். அதோடு, விடுப்பில் ஊருக்கு வரும் உறுப்பினர்கள் ஒரு சனிக்கிழமையைப் பள்ளிக்கு ஒதுக்கி, தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் மாணவர்களோடு உட்கார்ந்து, தாங்கள் செய்யும் வேலை என்ன, அது எத்தகையது, எதற்காகச் செய்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அந்த மாணவர்களின் தாய்மாரையும் அழைத்து, நல்ல நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். வரும் கிறிஸ்மஸ் விடுப்பில் நானும் என் மனைவியும் வருகிறோம். கூட வர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் முன்கூட்டியே பெயர் கொடுத்தால், பள்ளியில் பேசி நாளைக் குறித்துக்கொள்ளலாம்.