காற்றாடிமலையிலிருந்து கோட்டாறு வரை

திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்து, விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி தேவசகாயம் கிறிஸ்தவராக வாழ்ந்தது ஏழு ஆண்டுகூட இல்லை. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. அந்த ஏழிலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விலங்கிலும் சவுக்கடியிலும் கழிந்தன. நானோ பிறந்த மாதமே தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டவள். புதுநன்மை, உறுதிப்பூசுதல், கோயிலில் கல்யாணம் எல்லாம் அந்தந்த வயதில் தாமாகவே வந்தன. அவர் இறந்த வயதையும் கடந்துவிட்டேன். இந்தத் தை மாதம் அவர் இறந்த இடத்திலிருந்து அடக்கம் செய்யப்பட்ட இடம்வரை நடந்தபோது, நான் தேடிப் பெறாமலே என் கையில் இருந்த விசுவாசம் என்னிடம் என்ன கேட்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேர்ச்சை அம்மாவுடையது. என் கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தபோது அம்மா நேர்ந்துகொண்டார்: மருமகன் எழுந்து நடந்தால், மறைசாட்சியின் நினைவு நாளில் காற்றாடிமலையில் திருப்பலி கண்டு, அவருடைய எலும்புகளைத் தூக்கிவந்த வழியாகவே கோட்டாறுக்குக் கால்நடையாக வருவது; வழியில் தோவாளையில் மாலை வாங்கிக் கல்லறையில் சாத்துவது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் கொடுத்தபோது அந்த வெயிலில் மைதானத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர் அம்மா. 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைகூப்பி அழுதார். அதன் பிறகு அதிக காலம் இல்லை. கணவர் நலமாக இருக்கிறார். நேர்ச்சை மட்டும் நின்றுபோயிருந்தது. நேர்ச்சைக் கடன் பிள்ளைகள்மேல் நிற்கக் கூடாது என்று சித்தி சொல்லிக்கொண்டே இருந்தார்.

சித்தியின் வீடு வடக்கன்குளத்தில். முந்தின நாள் மாலையே அங்கே போய்விட்டேன். திருக்குடும்ப ஆலயத்தில் மெழுகுதிரி ஏற்றி உட்கார்ந்தோம். அரண்மனை உத்தியோகஸ்தராக இருந்த நீலகண்டன் முப்பத்துமூன்று வயதில் இந்த ஊருக்குத்தான் வந்து, திருமுழுக்கில் தேவசகாயம் ஆனார். அவருக்கு வீடு, நிலம், மனைவி, அரசனிடம் செல்வாக்கு எல்லாம் இருந்தன. இடையில் கால்நடைகள் செத்தன, பயிர் அழிந்தது, மனம் உடைந்தது. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் அரசன் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி டிலனாய் அந்த நேரத்தில் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். யோபுவுக்கு இழந்தது எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. தேவசகாயத்துக்கு விலங்கு வந்தது. அப்படியிருந்தும் அவர் பின்வாங்கவில்லை. சிறுவயதிலிருந்து எத்தனையோ மறையுரைகளில் இதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று இரவு சித்தி வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தபோது இந்த ஒரு நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. மாடு செத்ததற்கு ஆறுதல் தேடித் தொடங்கியவர், எந்த இடத்தில் ஆறுதலை விட்டுவிட்டு ஆண்டவரையே பிடித்துக்கொண்டார்?

விடியற்காலை பஸ்ஸில் ஏற இடமில்லை. பொங்கல் கூட்டம். கரும்புக் கட்டும் பிள்ளைகளுமாக ஊருக்குப் போகிறவர்கள் படிக்கட்டுவரை நின்றார்கள். சித்தி ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு செபமாலையை முடித்தே விட்டார். ஆரல்வாய்மொழியில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "மலைக்கு நடந்தால் பூசை முடிந்துவிடும் அம்மா" என்று ஒருவர் பையையே பிடித்து இழுத்தார். பூசைக்கு நிறைய நேரம் இருந்தது. பாதை நெடுக மெழுகுதிரிக் கடைகள். இந்தப் பெரிய திரியை வைத்தால்தான் நேர்ச்சை நிறைவேறும் என்று ஒரு பெண்மணி சித்தியிடம் கட்டாயப்படுத்தினார். மறைசாட்சி எந்தத் திரிக்கு விலை வைத்தார்? இப்படிச் சொல்லி ஏழைகளிடம் பணம் பறிப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. பங்கு மக்கள் இதைக் கண்டித்து நிறுத்த வேண்டும்.

வியாகுல அன்னை ஆலயத்தில் வணங்கிவிட்டு மலைக்கு ஏறினோம். அவர் முழங்காலிட்டுச் செபித்த தடம் என்று காட்டும் பாறையில் முத்தமிடப் பெரிய வரிசை. மணியடிச்சான் பாறைக்கு அருகே போகவே முடியவில்லை. இளைஞர்கள் செல்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லால் தட்டித் தட்டி ஓசையைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அடுத்தவர் செபிக்கிறாரே என்ற எண்ணம் கொஞ்சமும் இல்லை. ஒரு வயதான கன்னியர் வந்து அவர்களிடம் மெதுவாக ஏதோ சொன்னார். விலகி வழிவிட்டார்கள். சித்தி ஒரு சிறு கல்லை எடுத்துத் தட்டினார். பாறையிலிருந்து வெண்கல ஓசை வந்தது. அவர் உயிர் பிரிந்தபோது ஒலித்த மணி இதுதான் என்று எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். சித்தி "அக்கா, வந்துவிட்டோம்" என்றார். என்னால் தாங்க முடியவில்லை.

திருப்பலி முடிந்து நாங்கள் நடக்கத் தொடங்கும்போது வெயில் ஏறிவிட்டது. கோட்டாறு அங்கிருந்து ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் லாரிகள் உரசுகிற மாதிரி போகின்றன, நடக்கிறவர்களுக்கு ஓரமே கிடையாது. செருப்பில்லாமல் நடப்பதும் அம்மாவின் நேர்ச்சையில் ஒரு பகுதி. தார் சூடானதும் சித்தியின் கால் கொப்பளித்தது. மண்ணில் இறங்கினால் முள். ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து காலைத் துடைத்துவிட்டேன். "பஸ்ஸில் போய்விடலாம் சித்தி, ஆண்டவர் கோபிக்க மாட்டார்" என்றேன். "அவரை எருமை முதுகில் பின்பக்கம் திருப்பி உட்கார வைத்து, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்களே. அடித்த காயத்தில் மிளகாய்ப் பொடி பூசினார்களே. எனக்கு ஒரு கொப்பளம்" என்று எழுந்து நடந்தார்.

தோவாளையில் பொங்கல் விலை. மல்லிகையும் பிச்சியும் தொடவே முடியாது. மாலை கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் சித்தி நேர்ச்சையைச் சொன்னார். நெற்றியில் திருநீறு பூசியிருந்த அந்த அம்மா, "கோட்டாறு சாமிக்கா?" என்று கேட்டுவிட்டு, பாதி விலைக்கு ஒரு சம்பங்கி மாலையை எடுத்துக் கொடுத்தார். மேலே ஒரு முழம் மல்லிகையும் வைத்தார். எருக்கம்பூ போட்டு அவமானப்படுத்திய அந்தச் சீமையிலேயே இன்று அவருக்கு இந்த மாலை கிடைக்கிறது. மாலையை நனைந்த துணியில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். அதன் பிறகு வெயில் எனக்குத் தெரியவில்லை.

புனித சவேரியார் பேராலயத்தில் வரிசை வெளி வாசலைத் தாண்டி நின்றது. இதில் பணம் கொடுத்தால் முன்னால் விடுகிறேன் என்று ஒருவர் வேறு வந்து காதில் சொன்னார். ஆலயத்தைச் சேர்ந்தவராகத் தெரியவில்லை. சித்தி அவரைப் பார்த்த பார்வையில் போய்விட்டார். கல்லறையில் போடுவதற்கு என்று வீட்டிலேயே ஒரு சீட்டு எழுதிக் கொண்டுவந்திருந்தேன். மகனுக்கு நல்ல கல்லூரி, கணவருக்கு மறுபடி நோய் வராமை, அண்ணன் நிலத் தகராறு, எனக்குச் சம்பள உயர்வு. நான் வேலை செய்வது ஒரு வக்கீல் அலுவலகத்தில். மனு எழுதுவது எனக்குப் பழகிய கை. சாமியிடம் எழுதினதும் அதே மனு நடையில்தான் இருந்தது.

எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். எனக்கு ஒரு சீட்டு எழுதித் தருவீர்களா, எனக்கு எழுத்து வராது என்றார். என்ன எழுதவேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மகன் சிறையில் இருக்கிறான், ஜாமீனுக்கு ஆளில்லை, நானே வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் விலகிவிட்டார்கள், இவரும் சிறையில் கிடந்தவர்தானே, இவருக்குப் புரியும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. அவர் குரலில் வேண்டுதலைவிட உரிமை அதிகம் இருந்தது. என் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். வேறு தாள் என்னிடம் இல்லை.

வரிசை நகர்ந்து கல்லறைக்கு வந்தோம். பலிபீடத்துக்கு முன்னால் அந்த இடம். மாலையைச் சாத்தி முழங்காலிட்டேன். தள்ளாதீர்கள், சீக்கிரம் நகருங்கள் என்று பின்னால் குரல்கள். சீட்டின் எந்தப் பக்கத்தை மேலே வைத்துப் போடுவது என்று ஒரு கணம் தடுமாறினேன். அம்மாவின் நேர்ச்சை, கணவரின் உயிர், மகன், நிலம் எல்லாம் மனதில் ஒருசேர வந்து அப்படியே அடங்கின. வாய் திறந்தால் ஒரே கேள்விதான் வந்தது: ஆண்டவரே, நான் என்ன செய்யவேண்டும்? இத்தனை வயதுக்குள் கோயிலில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதாக நினைவில்லை. அந்தக் கல்லறைக்குள் இருப்பவர் குருவும் அல்ல, துறவியும் அல்ல. மனைவி உள்ளவர், சம்பளம் வாங்கியவர், மேலதிகாரிக்குப் பதில் சொல்லியவர். தம் மனைவிக்குத்தான் முதலில் விசுவாசத்தைச் சொன்னார். அந்த அம்மா ஞானப்பூ என்று திருமுழுக்குப் பெற்றார். உயர்ந்த சாதியென்று வளர்க்கப்பட்டவர் ஒடுக்கப்பட்டவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தார், அதற்காகவே பகையைச் சம்பாதித்தார். புனிதர் பட்டத்தின்போது அவர் பெயரிலிருந்து பிள்ளை என்ற சாதிப் பட்டத்தை விட்டது மிகவும் சரி. அதைப் பிடித்துக்கொண்டு இன்றும் சண்டை போடுகிறவர்கள் கல்லறையில் ஐந்து நிமிடம் முழங்காலில் நின்றால் போதும்.

எனக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை, ஒளி எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் அந்தப் பெண் கல்லறையில் தலை சாய்த்திருந்தார். அவருடைய மகனின் ஜாமீன் மனுவை எழுத என் கைக்குத் தெரியும். அவ்வளவுதான். ஆனால் என் உடம்பெல்லாம் நடுங்கியது. பத்திருபது ஆண்டுகளாகப் பிழைப்புக்கு என்று மட்டுமே நினைத்த ஒரு வேலை, அந்த இடத்தில் ஆண்டவர் கையில் போய்ச் சேர்ந்தது. வெளியே வந்ததும் அவரிடம் வழக்கு விவரங்களைக் கேட்டேன். எண் எழுதிய தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் மடித்து இடுப்பில் வைத்திருந்தார். எங்கள் வக்கீல் ஐயாவிடம் அன்று மாலையே பேசினேன். கட்டணம் வாங்காமல் பார்க்கிறேன் என்றார். அது அவர் பெருந்தன்மை.

மறுநாள் புலியூர்க்குறிச்சிக்குப் போனோம். மறைசாட்சி தாகத்தில் முழங்கையால் இடிக்க நீர் சுரந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறையில் சித்தி ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். 1777இல் இறந்தார். அவர் பாதிரியார் இல்லை, போர்க்கைதியாக வந்த படைவீரர். வேலை நடுவே, துன்பத்தில் இருந்த ஒரு நண்பனிடம் யோபுவின் கதையைச் சொன்னார், அவ்வளவே. அவருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொன்னேன்.

எங்கள் பங்கில் சிறைவாசிகளின் குடும்பங்களைப் பார்க்கப்போகும் ஒரு சிறு குழு இருக்கிறது. பங்குத்தந்தை பல தடவை கூப்பிட்டிருந்தார். ஊருக்குத் திரும்பிய வாரமே போய்ச் சேர்ந்துகொண்டேன். நான் செய்வது மனு எழுதுவது, நீதிமன்றத் தேதியைப் பார்த்துச் சொல்வது, தாள்களை ஒழுங்காக அடுக்கிக் கொடுப்பது. இதற்குத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தாரோ என்று இப்போது நினைக்கிறேன். சீட்டில் எழுதியவற்றில் நிலத் தகராறு தீரவில்லை, சம்பளமும் உயரவில்லை. கேட்பதை நான் நிறுத்திவிடவில்லை, பிள்ளைகள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டு முடித்ததும் எழுந்து ஓடிவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கிறேன்.

நன்றி, மறைசாட்சியே. கணவரின் உயிருக்கு நன்றி. அம்மாவுக்கு நன்றி, கொப்பளத்தோடு நடந்த சித்திக்கு நன்றி, தோவாளையில் மல்லிகை வைத்துக் கொடுத்த அந்தத் தாய்க்கு நன்றி. எழுத்து வராத கையால் என்னைத் தொட்ட அந்தப் பெண்ணை என்னிடம் அனுப்பியதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தீராது. அவர் வாரம் ஒருமுறை பேசுகிறார். ஜாமீன் இன்னும் கிடைக்கவில்லை, அடுத்த மாதம் மறுபடி விசாரணைக்கு வருகிறது. இதைப் படிக்கிறவர்கள் அந்த மகனுக்காக ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள்.