ஜாங்கோ ஓஆர்எம் வழியாக போஸ்ட்கிரெஸ்: இரவல் புத்தகக் கணக்கு இப்போது எந்த நிலையில்

யாருக்கு எந்தப் புத்தகத்தை இரவல் கொடுத்தேன் என்று கணக்கு வைக்க, ஜாங்கோவில் (பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்) எழுதிவரும் சின்ன ஆப்பை எஸ்க்யூலைட் டேட்டாபேஸிலிருந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாற்றியாயிற்று. வேகத்துக்காக இல்லை, இந்த அளவு டேட்டாவுக்கு எஸ்க்யூலைட்டே தாராளம். போஸ்ட்கிரெஸில் இருக்கும் நல்ல சரக்கையெல்லாம் ஓஆர்எம்மை (எஸ்க்யூஎல் எழுதாமல் பைத்தானிலேயே டேட்டாபேஸைக் கையாளும் ஜாங்கோவின் அடுக்கு) விட்டு வெளியே போகாமல் எவ்வளவு தூரம் எடுத்தாள முடியும் என்று பார்க்கும் ஆசைதான் காரணம். ஜாங்கோ 5.2.

முதலில் கைவைத்தது இரவல் டேபிளில். ஒரே புத்தகம் ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் இருக்க முடியாது. இந்த விதியைப் பைத்தானில் எழுதினால், யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்க ஒரு குவெரி, இல்லையென்றால் சேமிக்க இன்னொரு குவெரி. இரண்டுக்கும் நடுவே வேறொரு ரிக்வெஸ்ட் புகுந்துவிட்டால் விதி காற்றில் போய்விடும். போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒன்றோடொன்று மோதும் வரிசைகளை மறுக்கும் விதி) இருக்கிறது, ஜாங்கோவில் 3.0 முதல் அதை மாடலின் மெட்டாவிலேயே எழுதலாம். கொடுத்த தேதி, திரும்பிய தேதி என்ற இரண்டு ஃபீல்டையும் தூக்கிவிட்டு ஒரே டேட் ரேஞ்ச் ஃபீல்டு வைத்தேன். புத்தகம் '=', காலம் '&&' (ஒன்றோடொன்று மேற்படிவது) என்ற ஜோடி எந்த இரண்டு வரிசைக்கும் சேர்ந்து அமையக் கூடாது. அவ்வளவுதான் விதி. புத்தக ஐடி வெறும் எண் என்பதால் அதை ஜிஸ்ட் இண்டெக்ஸுக்குள் (இந்த விதியை நடத்தும் இண்டெக்ஸ் வகை) கொண்டுவர பிட்ரீ ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷன் வேண்டும். அதை நிறுவவும் மைக்ரேஷனில் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஜாங்கோ ஃபைல்) தனி ஆபரேஷன் தயாராக இருக்கிறது. இன்னும் திரும்பி வராத புத்தகத்துக்கு மேல் எல்லையைக் காலியாக விட்டால் போதும். முடிவில்லாத காலமாகக் கணக்காகி, அடுத்த இரவல் தானாகவே மறுக்கப்படும். தனியாக 'திரும்பியதா' என்று ஒரு பூலியன் தேவையே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

சோதித்துப் பார்க்க இரண்டு ஷெல்லைத் திறந்து, இரண்டிலும் டிரான்சாக்ஷன் தொடங்கி, ஒரே புத்தகத்தை ஒரே காலத்துக்குப் பதியவிட்டேன். ஜாங்கோ 4.1 முதல், மாடலைச் சரிபார்க்கும் ஃபுல் கிளீன் மெத்தட் கன்ஸ்ட்ரெய்ன்ட்டுகளையும் சரிபார்க்கும். ஆனால் முதல் ஷெல் இன்னும் கமிட் ஆகாததால் அதன் வரிசை இரண்டாவது ஷெல்லின் கண்ணில் படாது. இரண்டிலுமே சரிபார்ப்பு மூச்சு விடாமல் தேறிவிட்டது. பிறகு இரண்டாவது ஷெல்லில் சேவ் கொடுத்தால், எரர் வரவில்லை, அப்படியே நின்றது. முதல் ஷெல்லின் முடிவுக்காகக் காத்திருக்கிறது. அங்கே கமிட் ஆன மறுகணம் இங்கே இன்டெக்ரிட்டி எரர். எந்தப் புத்தகம், எந்தக் காலம், ஏற்கெனவே இருக்கும் எந்தக் காலத்தோடு மோதுகிறது என்று எண் சகிதமாக. ஃபார்மில் அழகான செய்தி காட்டுவதற்கு ஜாங்கோவின் சரிபார்ப்பு போதும். உண்மையான காவல் டேட்டாபேஸுடையது. ஆகவே ஜாங்கோ வியூவில் (ரிக்வெஸ்ட்டைக் கையாளும் ஃபங்ஷன்) அந்த எரரைப் பிடிக்கும் வரிகள் எப்படியும் வேண்டும்.

டேட் ரேஞ்சில் ஒரு நெளிவு உண்டு. மார்ச் 1 முதல் 10 வரை, 10-ஐயும் சேர்த்து என்று கொடுத்தால் போஸ்ட்கிரெஸ் அதை '1 முதல் 11-க்கு முன்பு வரை' என்று மாற்றி வைத்துக்கொள்ளும். திரும்ப எடுக்கும்போது மேல் எல்லையில் 11 நிற்கும். திரையில் காட்டும் இடத்தில் ஒரு நாளைக் கழிக்க வேண்டும்.

பதிப்பு, மொழிபெயர்ப்பாளர், தொகுதி எண் போன்ற உதிரி விவரங்கள் ஜேசன் ஃபீல்டில். அதன்மேல் ஜின் இண்டெக்ஸ் (ஜேசன், சொல் தேடலுக்கான இண்டெக்ஸ் வகை) போட்டு, ஜெனரேட் சீரிஸ் என்ற போஸ்ட்கிரெஸ் ஃபங்ஷனை வைத்துப் பொய் வரிசைகளை லட்சக்கணக்கில் நிரப்பி, குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் குவெரிசெட்டின் எக்ஸ்ப்ளெயின் வழியாகப் பார்த்தேன். இரட்டை அடிக்கோடு போட்டு உள் சாவியைத் தேடினால் '->' கொண்ட ஒப்பீடாகப் போகிறது. அதற்கு இந்த இண்டெக்ஸ் உதவாது, முழு டேபிளையும் துழாவுகிறது. அதே கேள்வியைக் கன்டெய்ன்ஸ் லுக்கப்பில் ஒரு டிக்ஷனரியாகக் கொடுத்தால் '@>' ஆகி இண்டெக்ஸ் வேலைக்கு வருகிறது. பைத்தான் பக்கம் பார்த்தால் இரண்டும் ஒரே விஷயம் மாதிரிதான் இருக்கும்.

ஒவ்வொரு புத்தகத்தையும் கடைசியாக வாங்கிப்போனவர் யார் என்பதற்கு டிஸ்டின்க்ட்டுக்குள் ஃபீல்டு பெயரைக் கொடுத்து, ஆர்டர் பையிலும் அதையே முதலில் வைத்தால் 'டிஸ்டின்க்ட் ஆன்' (ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதல் வரிசை மட்டும்) வந்துவிடும். கடைசி மூன்று பேர் வேண்டுமென்றால், ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் வரிசைகளுக்கு எண் போடும் விண்டோ ஃபங்ஷன். ரோ நம்பரை வைத்து நேராக ஃபில்டர் செய்ய 4.2 முதல் இடமுண்டு. அடியில் வந்த எஸ்க்யூஎல்லைப் பார்த்தால், முழுக் குவெரியையும் சப்குவெரியாகச் சுற்றி அதற்கு 'குவாலிஃபை' என்று பெயர் வைத்து வெளியே 'வேர்' (WHERE) நிபந்தனை போடுகிறது. நானே கையால் எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

தலைப்புத் தேடலுக்கு 5.0-இல் வந்த ஜெனரேட்டட் ஃபீல்டுக்குள் (டேட்டாபேஸே கணக்கிட்டு நிரப்பும் ஃபீல்டு) சர்ச் வெக்டர் (தேடலுக்காகப் பிரித்த சொற்கள்), மேலே ஜின் இண்டெக்ஸ். எந்த மொழி விதிப்படி சொற்களைப் பிரிப்பது என்ற கான்ஃபிக்கின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். விட்டுவிட்டால் எக்ஸ்ப்ரெஷன் இம்யூட்டபிள் (எப்போதும் ஒரே விடை தருவது) இல்லை என்று போஸ்ட்கிரெஸ் மைக்ரேஷனைத் திருப்பி அனுப்பும். போஸ்ட்கிரெஸ் 12 முதல் தமிழுக்கும் ஸ்டெம்மர் (சொல்லின் விகுதியை வெட்டி அடிச்சொல்லைத் தரும் கருவி) கூடவே வருகிறது. என் பட்டியலில் இரண்டு மொழித் தலைப்புகள் கலந்து கிடப்பதால் இப்போதைக்கு, விகுதியை வெட்டாத 'சிம்பிள்' கான்ஃபிக்.

ஓஆர்எம் கைவிரித்த இடம் ஒன்றே ஒன்று: வகைக்குள் வகையாக இறங்கும் பிரிவுகள். இதற்கு வேண்டிய ரிகர்சிவ் சிடிஇ (தன்னையே திரும்ப அழைக்கும் எஸ்க்யூஎல் குவெரி) ஜாங்கோவின் சொந்தக் கருவிகளில் இல்லை. வெளிப் பேக்கேஜ் உண்டு, ஆனால் ஒரு டேபிளுக்காக அதைச் சுமக்க மனமில்லை. ரா குவெரி எழுதினால் அதன்மேல் ஃபில்டர் தொடுக்க முடியாது. அதனால் சிடிஇயை டேட்டாபேஸிலேயே ஒரு வியூவாக (டேபிள்போல் படிக்கக்கூடிய, பெயரிட்டு வைத்த குவெரி; ஜாங்கோ வியூ அல்ல) வைத்து, மேனேஜ்ட் ஃபால்ஸ் (டேபிளை ஜாங்கோ உருவாக்க வேண்டாம்) என்று குறித்த மாடலை அதன்மேல் உட்கார்த்தினேன். இப்போது ஃபில்டர், ஜாயின் எல்லாம் வழக்கம்போல் ஓடுகின்றன. இதற்கும் விலை உண்டு. பிரிவு டேபிளில், வியூ பயன்படுத்தும் ஃபீல்டின் டைப்பை மாற்றப் போனால் போஸ்ட்கிரெஸ் விடாது. மைக்ரேஷனில் வியூவைத் தூக்கி, ஃபீல்டை மாற்றி, மறுபடி கட்ட வேண்டும். பிரிவின் பெயர் ஃபீல்டைக் கேர்ஃபீல்டிலிருந்து டெக்ஸ்ட் ஃபீல்டாக மாற்றுவது பாக்கி இருக்கிறது. அடுத்த மைக்ரேஷன் அதுதான்.