ஒரே லைனில் இரண்டு ஒன்றாம் எண்

மலேசியாவின் பகாவ் வட்டாரத்துச் செம்பனை ஆலைகளில் அளவைக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டினால் மறுநாள் காலையில் வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. எண்ணெய் டேங்கியின் வெப்பமானி போய்விட்டது, ஸ்டோரிலிருந்து புதியதை எடுத்து மாட்டியாகிவிட்டது, மாட்டிய பிறகு அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு கருவியும் படுத்துவிட்டது என்பார்கள். இரண்டு கருவிகளிலும் கோளாறு எதுவும் இருக்காது. மோட்பஸ் என்ற தொடர்பு நெறிமுறையில் பேசும் கருவிகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் 1 என்ற முகவரியோடுதான் வருகின்றன. அந்த லைனில் 1 என்ற முகவரியில் ஏற்கெனவே ஒரு கருவி குடியிருக்கும்.

இந்தக் கருவிகளை இணைக்கும் ஆர்எஸ்-485 லைனில் முறுக்கிய இரண்டு கம்பிகளில் எல்லாக் கருவிகளும் இணையாகத் தொங்குகின்றன. லைனை நடத்தும் கட்டுப்பாட்டுக் கருவியான மாஸ்டர் ஒரு முகவரியைச் சொல்லிக் கேட்கும். அந்த முகவரிக்குரிய கருவி மட்டும் பதில் தர வேண்டும். 1979-இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் நெறிமுறை 1 முதல் 247 வரை முகவரிகளைக் கருவிகளுக்கு ஒதுக்கி, 0 என்பதை எல்லோருக்குமான அறிவிப்புக்கு வைத்திருக்கிறது. அந்த முகவரியைக் கருவிக்கு யார், எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. ஆகவே கருவிக்குள் இருக்கும் சிறு டிப் சுவிட்சுகளைத் தள்ளியோ, மடிக்கணினியில் ஒவ்வொன்றாகத் தனியே இணைத்தோ நாம்தான் வைத்தாக வேண்டும்.

ஒரே முகவரியில் இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் பதில் சொன்னால், ஒன்று கம்பியை ஒரு பக்கம் தள்ள, மற்றது எதிர்ப்பக்கம் தள்ளும். கம்பியில் நிற்கும் மின்னழுத்தத்துக்குப் பொருளே இராது. பிழைச் சோதனை தவறும். மாஸ்டர் அந்தப் பதிலைக் குப்பையில் போட்டுவிடும். இது நல்ல காலம். ஒரே தயாரிப்பு, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே கணத்தில் பதில் என்று அமைந்துவிட்டால், இரண்டு பதில்களும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி, பிழைச் சோதனையிலும் தேறி, திரையில் ஒரே ஓர் ஆரோக்கியமான கருவியாகத் தெரியவும் கூடும். வெளிப்படையாகத் தவறுகிற லைனைவிட இப்படிச் சரியாகத் தெரிகிற லைனுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கிராணி (எழுத்தர்) பெயர் வாசிக்கும்போது இரண்டு முனியாண்டிகள் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தால், ஆள் இருக்கிறது என்பது தெரியும், எத்தனை பேர் என்பது தெரியாது. முகவரியைத் தானாக வழங்கும் முறைகளில் பல இந்தக் குறையையே முதலாக வைத்துத் தொழில் நடத்துகின்றன. யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கேட்காமல், சத்தம் வந்ததா இல்லையா என்பதை மட்டும் கேட்டால் போதும் என்கிற வகையில் கேள்வியை அமைத்துவிடுகின்றன.

விளக்குகளைக் கட்டுப்படுத்தும் டாலி என்ற நெறிமுறை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதன் ஒரு லைனில் 64 முகவரிகள் உண்டு. முதலில் எல்லாக் கருவிகளும் ஆளுக்கொரு 24 பிட் எண்ணைத் தற்செயலாகப் பொறுக்கிக்கொள்கின்றன. பிறகு மாஸ்டர், "உன் எண் இதற்குச் சமமா, அல்லது குறைவா?" என்று கேட்கிறது. ஆம் என்போர் எல்லோரும் ஒன்றாகக் கத்தலாம். கலவையான இரைச்சலும் ஆம்தான். பதில் வந்தால் எல்லையைக் கீழே இறக்கி, வராவிட்டால் மேலே ஏற்றி, ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டிக்கொண்டே போனால், ஏறத்தாழ 24 கேள்விகளில் மிகச் சிறிய எண்ணுக்குரிய கருவி தனியாக அகப்பட்டுவிடும். அதற்கு ஒரு முகவரியைக் கொடுத்து, இனி இந்தத் தேடலில் வாய் திறக்காதே என்று ஒதுக்கிவிட்டு, அடுத்ததைத் தேடலாம். மொத்தம் 1,67,77,216 எண்கள் இருப்பதால், 64 கருவிகளில் ஏதேனும் இரண்டு ஒரே எண்ணைப் பொறுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 8,300-இல் ஒன்றுதான்.

இதெல்லாம் டாலிக்குச் சரி, 485-க்கு ஒத்துவராது என்று சொல்வோர் உண்டு. மேடை விளக்குகளுக்காக 2006-இல் வந்த ஆர்டிஎம், 485 கம்பியிலேயே, தொழிற்சாலையில் பதித்த 48 பிட் அடையாள எண்ணை வைத்துக்கொண்டு இதே பாதியாக வெட்டும் தேடலைச் செய்கிறது. மோட்பஸிலும் 65 முதல் 72 வரையும், 100 முதல் 110 வரையும் உள்ள கட்டளை எண்கள் நம் விருப்பத்துக்கென்று விடப்பட்டவை. மென்பொருளை நாமே எழுதும் சொந்த மின்சுற்றுப் பலகைகள் என்றால், அவற்றிலுள்ள சில்லின் (சிப்) தனி அடையாள எண்ணைக் கொண்டு அந்தக் கட்டளைகளில் தேடலை அமைத்துவிடலாம். கடையில் வாங்கும் கருவிக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இவ்வளவையும் ஆலையின் மின்பொறுப்பாளரான சார்ஜ்மேனிடம் உற்சாகமாக விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றுதான். "நம்பரு அதுவே போட்டுக்கட்டும் தம்பி. எந்த டேங்கி, எந்த உசரம்னு யாரு சொல்லுவா?"

கச்சா செம்பனை எண்ணெய் உறையாமல் இருக்க டேங்கியை நீராவிச் சுருள்களால் சூடேற்றுகிறோம். அடியில் ஒரு சூடு, மேலே ஒரு சூடு என்று இருப்பதால்தான் அடி, நடு, மேல் என மூன்று உயரங்களில் வெப்பமானி வைக்கிறோம். தேடலில் கருவிகள் அகப்படும் வரிசை அவற்றின் அடையாள எண்ணின் வரிசையே அன்றி, கம்பியில் அவை நிற்கும் வரிசை அன்று. ஒன்-வயர் முறையில் இயங்கும் டிஎஸ்18பி20 வெப்பமானிகளும் அப்படித்தான்: 64 பிட் எண் ஒவ்வொன்றுக்கும் உண்டு, தேடினால் எல்லாம் வந்துவிடும், எது எங்கே என்பதைக் காண, டேங்கியில் இறக்குமுன் ஒவ்வொன்றாகக் கைக்குள் பொத்திப் பிடித்து, திரையில் எந்த எண் ஏறுகிறது என்று பார்த்துச் சீட்டு ஒட்ட வேண்டியிருக்கிறது.

இடமும் தெரிய வேண்டுமானால் கூடுதலாக ஒரு கம்பி வேண்டும். அது கருவிக்குக் கருவி உள்ளே நுழைந்து வெளியேறும். தன் உள்வாயிலில் மின்சாரம் வந்த, இன்னும் முகவரி பெறாத கருவி மட்டும் மாஸ்டர் அறிவிக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு, பிறகு தன் வெளிவாயிலைத் திறந்து அடுத்ததற்கு வழிவிடும். எண்ணும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் நடுவில் ஒன்று கருகினால், அதற்குப் பின்னால் நிற்பவற்றுக்குப் புதிதாக எண் வழங்க முடியாது. வழங்கிய எண்ணை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதி வைத்து, கருவி மாற்றும்போது மட்டும் இந்த வரிசையை ஓட்டினால் அந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. டேங்கிகளுக்கு நான் இதைத்தான் விரும்புகிறேன். இழுக்கும் கேபிளில் பயன்படாத ஓர் இணைக் கம்பி பெரும்பாலும் இருக்கவே செய்கிறது.

கூடுதல் கம்பிக்கு வழியில்லாத பழைய லைன்களில், பழைய பட்டியலில் ஒரு கருவி காணாமற்போய், புதிய அடையாள எண் ஒன்று மட்டும் தோன்றியிருந்தால், காணாமற்போனதன் முகவரியைப் புதியதற்கு மாஸ்டர் தானாகவே கொடுத்துவிடலாம். ஒரே இடியில் இரண்டு போய், இரண்டு புதியவை வந்திருந்தால் அது ஊகிக்கவே கூடாது. திரையில் கேட்டுவிட்டு நிற்க வேண்டும். அப்போது ஒரு கருவியின் விளக்கைச் சிமிட்டச் சொல்லும் கட்டளை இருந்தால், டேங்கியின் ஏணியில் நிற்பவர் எது சிமிட்டுகிறது என்று வாக்கிடாக்கியில் சொல்ல, கீழே இருப்பவர் எண்ணை உறுதி செய்துவிடலாம். நாற்றங்காலின் ஈரப்பத உணரிகளுக்கு மட்டும் நான் டிப் சுவிட்சையே விட்டு வைத்திருக்கிறேன். அங்கே இருப்பவை சிலதான், மூடியைத் திறந்தால் எண் கண்ணுக்கே தெரிகிறது.