நல்லி எலும்பில் டிரில் பழகுவது

நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு அறுவை சிகிச்சை மேற்படிப்பு) படிக்கும் நம் பிள்ளைகள் பிளாஸ்டிக் எலும்புப் பயிலரங்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டன் கடையே போதும். ஆட்டின் பின்தொடை நல்லியை முழுசாகக் கேளுங்கள். கத்தி இறங்கும் முன்பே "கொட்டொத்து" என்று தெலுங்கில், அதாவது வெட்ட வேண்டாம் என்று, சொல்லிவிட வேண்டும். சதையை வழித்து, ஈரத்துணியில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். காய்ந்த எலும்பு உதவாது, திருகு இறங்கும்போதே பிளந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கைக்கு வர வேண்டியது, எலும்புக் குழாயின் எதிர்ச்சுவர் துளைத்த கணமே டிரில்லை நிறுத்துவது. எலும்பை வைஸில் பிடித்து, அடியில் ஒட்டினாற்போல் தெர்மாகோல் வையுங்கள். 2.5 மி.மீ. பிட், ஸ்லீவ் (பிட்டை வழிநடத்தும் குழல்) வழியாக மட்டும். முதல் சுவரில் சத்தம் கெட்டியாக இருக்கும், மஜ்ஜையில் தளரும், இரண்டாம் சுவரில் மறுபடி ஏறும். அந்த இரண்டாம் சத்தம் மாறத் தொடங்கும்போதே அழுத்தத்தைக் குறையுங்கள். பிறகு தெர்மாகோலில் விழுந்த குழியை டெப்த் கேஜால் அளந்து எழுதிவையுங்கள். நோயாளியின் தொடையில் அந்தக் குழி இருக்கும் இடத்தில் ரத்தக்குழாய் ஓடும். தொடர்ந்து பத்துத் துளை 5 மி.மீ.க்குள் நிற்கும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

பிட் பாய்வதற்குப் பெரும்பாலும் மழுங்கிய முனைதான் காரணம். வெட்டாததால் அழுத்துகிறோம், அந்த அழுத்தமே உள்ளே தள்ளுகிறது. சூடும் ஏறும், 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பின் உயிரணுக்கள் சாகத் தொடங்கும். தூள் வெள்ளையாக வர வேண்டும். பழுப்பேறினால் பிட்டை மாற்றுங்கள், சலைன் விட்டுக்கொண்டே துளையுங்கள். தச்சு டிரில் என்றால் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.

அடுத்து லேக் ஸ்க்ரூ, அதாவது உடைந்த இரண்டு துண்டுகளை நெருக்கிப் பிடிக்கும் திருகு. ஹாக்ஸாவால் எலும்பைச் சாய்வாக அறுத்து, நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து கிளாம்ப் போடுங்கள். மேல்சுவரில் 3.5, அதற்குள் ஸ்லீவ் விட்டு எதிர்ச்சுவரில் 2.5. அளந்து, எதிர்ச்சுவரில் டேப்பால் (மரை வெட்டும் கருவி) மரை வெட்டி, 3.5 கார்ட்டிகல் ஸ்க்ரூவை முறுக்கியதும் கிளாம்பைக் கழற்றிக் காகிதத்தை இழுங்கள். கிழிந்தால் சரி. உருவிக்கொண்டு வந்தால் மேல்சுவரையும் 2.5இலேயே விட்டிருப்பீர்கள்: மரை இரண்டு சுவரையும் பிடித்து, இடைவெளி இடைவெளியாகவே நிற்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கேட்பார்கள். காகிதம் உருவி வந்ததைப் பார்த்தவருக்குப் பதில் தடுமாறாது.

டி.எச்.எஸ்.ஸுக்கு (இடுப்புப் பக்க எலும்பு முறிவுக்குப் போடும் டைனமிக் ஹிப் ஸ்க்ரூ) ஆட்டெலும்பின் கழுத்து போதாது, அதற்குப் பிளாஸ்டிக் எலும்புதான். 135 டிகிரி கைடு வைத்து வயரை ஏற்றுங்கள். நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் இரண்டிலும் ஸ்க்ரூ முனைக்கும் தொடையெலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தின் கூட்டுத்தொகை 25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவி இல்லையென்றால் தலையை அறுத்து நேரிலேயே பாருங்கள்.

கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம். பழகிய பிட்டுகளில் பெயின்ட் குறி போட்டுத் தனி டப்பாவில் வையுங்கள். அவை ஆபரேஷன் தியேட்டர் டிரே பக்கமே போகக் கூடாது.