பழைய சில்லில் பூட்டியதை வெளியே எடுத்த அனுபவம்

புது லேப்டாப்புக்குக் கோப்புகளை மாற்றியபோது ஒன்றே ஒன்று மட்டும் திறக்கவில்லை. என் கடவுச்சொற்கள் அத்தனையும் இருந்த கோப்பு அது. இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் வசதியை வைத்து நானே எழுதிய சின்ன நிரல் பூட்டி வைத்திருந்தது.

2015இல் 6ஆம் தலைமுறை கோர் பிராசஸர்களோடு வந்த வசதி அது. நினைவகத்தில் ஓர் அறையை ஒதுக்கி, அங்கே இருப்பதைப் பிராசஸரே மறையாக்கம் செய்து வைக்கும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தால்கூட எட்டிப் பார்க்க முடியாது. அங்கிருந்து வட்டில் எழுதுவதை 'சீல்' செய்யலாம், அதாவது ஒரு சாவியால் பூட்டிவிடலாம். அந்தச் சாவியை எங்கும் சேமிப்பதில்லை. அந்தந்தச் சில்லுக்குள்ளேயே பதித்த ரகசியத்திலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டு எடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

பழையது 8ஆம் தலைமுறை, புதியது 12. முதலில் கணினி தொடங்கும்போது வரும் அமைப்புப் பக்கமான பயாஸில் தேடினேன், அப்படி ஒரு வரியே இல்லை. லினக்ஸில் சிபியு விவரத்தைப் பார்த்தேன், அங்கும் இல்லை. பிறகுதான் பிராசஸரின் தரவேட்டைப் படித்தேன்: கைவிடப்பட்ட வசதிகளின் பட்டியலில் எஸ்ஜிஎக்ஸ் இருந்தது. வீட்டுக் கணினிகளுக்கான கோர் வரிசையில் 11ஆம் தலைமுறையிலேயே நின்றுவிட்டது. சர்வருக்கான ஜியானில் தொடர்கிறது. 2018இல் ஃபோர்ஷேடோ, 2019இல் பிளண்டர்வோல்ட் என்று இதில் ஓட்டைகள் வெளிவந்தது உண்மைதான். ஆனாலும் கைக்கு எட்டியிருந்த ஒரு பாதுகாப்பு சர்வர் அறைக்குப் போய்விட்டதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சில்லின் துணையின்றி மென்பொருளே எஸ்ஜிஎக்ஸ் போல நடிக்கும் சிமுலேஷன் முறையில் நிரல் ஓடியது, கோப்பு திறக்கவில்லை. திறக்காது, அதில் வருவது அந்தப் பழைய சில்லின் சாவி இல்லையே.

சரி, பழைய லேப்டாப்பையே எடுத்தேன். திரை உடைந்திருந்ததால் டிவியோடு இணைத்து, அதன் வட்டைத் திரும்ப மாட்டி, நிரலை ஓட்டினேன். கோப்பு திறந்ததும்தான் மூச்சு வந்தது. மதர்போர்டு போயிருந்தால் எந்தப் பேக்கப்பும் உதவியிருக்காது. பேக்கப்பில் இருந்ததும் அதே சீல் செய்த கோப்புதான். இப்படி எதையாவது பூட்டி வைத்திருப்பவர்கள், பழைய கணினி கையைவிட்டுப் போகும் முன் அதிலேயே திறந்து எடுத்துவிடுங்கள்.

இப்போது சாவியை, கணினியில் சாவிகளைக் காக்கவே இருக்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியில் வைத்திருக்கிறேன், விண்டோஸ் 11 அதைக் கட்டாயமாக்கியிருப்பதால் புது லேப்டாப்பில் இருந்தது. ஆனால் டிபிஎம் சாவியைத்தான் காக்கும், என் நிரலை உள்ளே வைத்து ஓட்டாது. பூட்டைத் திறந்த பிறகு கடவுச்சொற்கள் சாதாரண நினைவகத்தில்தான் கிடக்கின்றன. அதனால் ஒரே கோப்பாக இருந்ததைப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு கடவுச்சொல் மட்டும் திறக்கும்படியும், 30 நொடியில் அது அழிந்துபோகும்படியும் நிரலை மாற்றி எழுதிவிட்டேன்.